பானெட்டைத் தாழ்த்தியவள்

டூரின்
6 அக்டோபர் 2025

அன்புக் குமாரிக்கு,

நலமா? சத்தியராஜ் அண்ணன், ஷாரன் எல்லோரும் சுகம்தானே? ஷாரன் பத்தாம் வகுப்புக்கு வந்திருப்பாள். உன் பெண்ணாயிற்றே, கணக்கில் யாரையும் முந்த விடமாட்டாள். நான் இங்கே ஏதோ இருக்கிறேன். குளிர் ஆரம்பித்துவிட்டது, கூடவே முட்டி வலியும். நாற்பத்திரண்டு வயதில் இதெல்லாம் வருமா என்று டாக்டரைக் கேட்டால் சிரிக்கிறார்.

இருபது மாதம் பேசாதவளிடமிருந்து கடிதமா என்று நினைப்பாய். கோபம் இருக்கும். இருக்கட்டும், என்னிடம் கோபப்பட உனக்கு உரிமை இல்லையா? ரயிலில் திருநின்றவூரில் ஏறி ஜன்னலோரம் உனக்கு இடம் போட்டு வைத்திருப்பேனே, பட்டாபிராமில் நீ ஓடி வந்து ஏறுவாயே, அதையெல்லாம் நான் மறக்கவில்லை குமாரி.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கொர்வெல்லி கார் கம்பெனியில் இப்போது பெரிய சண்டை. எழுபது வருஷமாகத் தரையோடு தரையாகப் பறக்கும் இரண்டு சீட்டுக் கார் மட்டுமே செய்தவர்கள் எஸ்.யூ.வி. செய்தது சரியா தப்பா என்று. நாம் அம்பத்தூர் ஆபீசில் உட்கார்ந்து முன்பக்கம் வரைந்தோமே, அந்த முதல் எஸ்.யூ.வி.யைத்தான் சொல்கிறேன். இன்னொன்று செய்ய வேண்டும் என்று ஒரு கட்சி. அதற்கு என்னைத் தலைமையாகப் போடுவதாகப் பேச்சு. பழைய முதலாளி குடும்பம், பெயர் கெட்டது போதும், நிறுத்து என்கிறது. முதல் வண்டியின் கோளாறுகளைத் தோண்ட வெளியிலிருந்து ஒரு விசாரணை அதிகாரியைக் கொண்டுவந்திருக்கிறார்கள். வயதான அம்மாள், சிரிக்கவே மாட்டாள். அவள் பட்டியலில் முதல் இடம், மழைத் தண்ணீரில் இன்ஜின் நின்றுபோன விஷயத்துக்கு.

அவள் உனக்கு எழுதுவாள். போன வருஷம் பிப்ரவரியில் நீ எழுதிக் கொடுத்த அதே வரியை மறுபடி எழுதினால் போதும். 'ஏர் இன்டேக்கின் உயரத்தைக் குறைத்தது என் கவனக்குறைவு.' அவ்வளவுதான். ஏற்கெனவே எழுதியதுதானே, புதிதாக என்ன நஷ்டம்? நான் தலைமைக்கு வந்துவிட்டால் உன்னை இங்கே கூப்பிட்டுக்கொள்வது என் கையில் இருக்கும்.

என் மெயில், போன் எல்லாவற்றையும் விசாரணைக்கு எடுத்திருக்கிறார்கள். அதனால்தான் தாளில் எழுதிக் கூரியரில் போடுகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

உன் நினைவாகவே இருக்கும்,
ஷோபனா


பட்டாபிராம்
14 அக்டோபர் 2025

மாண்புமிகு ஷோபனா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. டூரினிலிருந்து வந்த தாள், நல்ல கனமாக இருக்கிறது, மனசு வரவில்லை.

நீ கேட்டாய், நலமா என்று. நலம். அம்பத்தூர் பக்கம் எந்த டிசைன் ஆபீசிலும் என்னை வாசலுக்குள் விடுவதில்லை. கரையான்சாவடியில் ஜெகன் என்பவரின் ஒர்க்‌ஷாப்பில் தண்ணீரில் மூழ்கிய வண்டிகளைப் பார்த்து, எது தேறும், எது தேறாது என்று எழுதிக் கொடுக்கிறேன். பதினேழு வருஷம் எஞ்சினியர் என்று திரிந்தவளுக்கு இது போதாதா?

'ஏற்கெனவே எழுதியதுதானே, என்ன நஷ்டம்' என்கிறாய். ஷோபனா, உனக்கு மறதி அதிகம். நான் ஞாபகப்படுத்துகிறேன்.

ஆபீசில் ஐந்து பேருக்கு இரண்டு சாஃப்ட்வேர் லைசென்ஸ். யாருடைய லாகின் திறந்திருக்கிறதோ அதில்தான் எல்லோரும் வரைவோம். என் பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் சீட்டில் ஒட்டியிருக்கும், ஊருக்கே தெரியும். அந்த ஏர் இன்டேக்கை, இன்ஜினுக்குக் காற்று இழுக்கும் வாயை, நான் தரையிலிருந்து தொண்ணூறு சென்டிமீட்டர் உயரத்தில் வைத்திருந்தேன். மழை ஊரில் பிறந்தவள் வேறு எங்கே வைப்பாள்? 2019 மார்ச் 14, வியாழக்கிழமை பிற்பகல் 3.40-க்கு அது அறுபதுக்கு இறங்கி, என் லாகினிலிருந்து கொர்வெல்லிக்குப் போயிருக்கிறது.

அந்த 3.40-க்கு நான் என் அம்மாவை அடக்கம் பண்ணிக்கொண்டிருந்தேன். நீ காலையில் வீட்டுக்கு வந்து, அம்மாவின் காலடியில் மாலை வைத்து, என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, 'ஆபீசில் அவசரம்டி' என்று போனாய். எவ்வளவு அவசரம் என்று எனக்கு அப்போது தெரியாது.

2023 டிசம்பர் மழையில் அந்த வண்டிகள் நடுரோட்டில் செத்ததும் ஆபீஸ் என் பெயரைப் பிடித்தது. அன்று ராத்திரி நீ போனில் என்ன சொன்னாய்? 'உண்மையைச் சொன்னால் பாஸ்வேர்டு கொடுத்ததற்கு உன் வேலை போகும், உபயோகித்ததற்கு என் வேலை போகும். ஒருத்தியாவது உள்ளே இருந்தால்தான் இன்னொருத்தியைத் தூக்கிவிட முடியும். ஆறே மாதம் பொறு குமாரி' என்றாய். நான் ஏமாந்த சோணகிரி. எழுதிக் கொடுத்தேன், என் வேலை போனது, நீ டூரினுக்குப் போனாய். ஏழாவது மாதம் கூப்பிட்டேன், என் நம்பரையே பிளாக் செய்திருந்தாய்.

விசாரணை அம்மாளின் மெயில் எனக்கு வந்துவிட்டது. மரியாதையாக எழுதியிருக்கிறாள். நவம்பர் கடைசி வரை நேரம் கொடுத்திருக்கிறாள்.

நீ இப்போது நகம் கடித்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும். கடி.

ஞானகுமாரி


டூரின்
25 அக்டோபர் 2025

என் குமாரி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. நீ சொல்வது எதையும் நான் மறுக்கவில்லை. கைவிட்டது தப்பு. இங்கே வந்ததும் என் தலைக்கு மேல் வேலை, என் கணவரோடு பிரிவு, எல்லாம் சேர்ந்து வந்தது. உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஆனால் கொஞ்சம் எனக்காக இல்லாமல், இங்கே இருப்பவர்களுக்காக யோசி. கொர்வெல்லியின் பந்தயக் கார் வருஷத்துக்குச் சில நூறுதான் விற்கும். எஸ்.யூ.வி. வரும் முன்னால் வாரத்தில் மூன்று நாள்தான் தொழிற்சாலை நடந்தது. உயர வண்டி விற்றதால்தான் தாழ்ந்த காரைச் செய்யும் கூடம் இன்னும் திறந்திருக்கிறது. முதலாளி குடும்பம் இதை ஒத்துக்கொள்ளாது. அவர்களுக்குப் பழைய புகைப்படங்கள் போதும், சாப்பாட்டுக் கவலை கிடையாது. ஆயிரத்து நானூறு பேர் இங்கே வேலை செய்கிறார்கள்.

இன்னொன்று சொல்கிறேன், சிரிக்காதே. அந்தப் பழைய கார்களில் ஏற முட்டியை மடக்கித் தரையில் உட்கார்கிற மாதிரி உட்கார வேண்டும். நல்ல கார் என்றால் வாலிப ஆணுக்கு மட்டும்தானா? ஒரு பெண் தன் பிள்ளையையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போகக்கூடிய முதல் கொர்வெல்லியை நாம் இரண்டு பேரும்தான் வரைந்தோம். எனக்கு அதில் பெருமை உண்டு. உனக்கும் இருந்தது, முதல் படம் வந்த அன்று எல்லோருக்கும் நீதான் சமோசா வாங்கிக் கொடுத்தாய்.

நீ உண்மையை எழுதினால் நான் மட்டும் போகமாட்டேன். இரண்டாவது வண்டியும் போகும். 'பார்த்தீர்களா, இவர்களுக்கு இந்த வண்டியெல்லாம் தெரியாது' என்று கதவை மூடிவிடுவார்கள்.

நீங்கள் வாரம் தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள். மன்னிப்பு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உன் அம்மா இருந்திருந்தால் மன்னித்திருப்பார்.

கை கூப்பிக் கேட்கும்,
ஷோபனா


பட்டாபிராம்
2 நவம்பர் 2025

ஷோபனா,

என் அம்மாவை இழுக்காதே. அவரை அடக்கம் பண்ணுகிற நேரத்தில் எனக்குக் குழி பறித்தவள் நீ. மன்னிப்பை உன் கையால் எனக்குப் பரிமாறவும் வேண்டாம். எப்போது, யாருக்கு, எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

நீ எழுதிய நியாயங்களைப் படித்தேன். ஆயிரத்து நானூறு பேர், முட்டி வலி, பெண்கள். அழகாகத்தான் எழுதுகிறாய், அந்தக் காலத்திலிருந்தே பிரசன்டேஷன் உனக்கு, வேலை எனக்கு. இப்போது நான் ஒன்று சொல்கிறேன், கேள்.

போன வாரம் மழையில் ஜெகன் ஒர்க்‌ஷாப்புக்கு ரெக்கவரி லாரியில் ஒரு வண்டி வந்து இறங்கியது. வெள்ளிக் கலர் கொர்வெல்லி எஸ்.யூ.வி. நான் வரைந்த வண்டியை நேரில் தொட்டது அன்றைக்குத்தான். பாரிவாக்கத்தில் மனை போட்டு விற்கும் எத்திராஜ் என்பவருடையது. ஷோரூம்காரர்கள் வந்து எடுக்கப் பத்து நாள் ஆகும் என்றதால் பக்கத்தில் கிடைத்த எங்களிடம் கொண்டுவந்துவிட்டார். முட்டிக்கு மேல் தண்ணீர், அவ்வளவுதான். மனுஷன் வேட்டியைப் பிழிந்துகொண்டே கத்தினார்.

"இன்னாமா இது? முன்னாடி ஷேர் ஆட்டோ போய்கினே கீது. பின்னாடி பால் வண்டி வந்துகினே கீது. நடுவுல என் வண்டி மட்டும் இருமிகினே நின்னுபோச்சு. போன் பண்ணா ஷோரூம்ல இன்னா சொல்றான் தெரியுமா? தண்ணில உன்ன யார் எறங்க சொன்னதுன்றான். தண்ணில எறங்கக் கூடாதுன்னா அப்பறம் இன்னாத்துக்கு இம்மாம் ஒசரம்?"

அவர் மனைவி அஞ்சலை ஓரமாக நடுங்கிக்கொண்டு நின்றார். மற்ற வண்டிகள் கிளப்பிய அலையில் இடுப்பு வரை நனைந்திருந்தார். டயாலிசிஸ் முடிந்து வந்துகொண்டிருந்தவராம். நடுத்தண்ணீரில் இறங்கி, அந்த ஊசி போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்து வந்திருக்கிறார்.

"ஒசரமா கீதேன்னு நம்பித்தாம்மா ஏறுனேன். ஆட்டோல போறேன்னு சொன்னேன், இவரு கேக்கல" என்றார்.

பானெட்டைத் திறந்தேன். ஏர் ஃபில்டர் ஊறிப்போயிருந்தது. டேப்பை வைத்து அளந்தேன். அறுபது. ஏன் அறுபது? பானெட் தாழ்ந்திருக்க வேண்டும். ஏன் தாழ்ந்திருக்க வேண்டும்? பார்க்கிறவனுக்குப் பழைய பந்தயக் கார் முகம் தெரிய வேண்டும். சோதனைக்குக்கூடப் பந்தயக் காரை இறக்கும் முப்பது சென்டிமீட்டர் தண்ணீர்த் தொட்டியில்தானே இதையும் இறக்கிப் பார்த்தீர்கள்.

நீ எழுதிய சண்டைக்கு என் தீர்ப்பு இதுதான். உங்கள் ஆட்கள் எஸ்.யூ.வி. செய்யக் கூடாது. தான் செய்கிற பொருளைப் பார்த்து வெட்கப்படுகிறவன் அதைச் செய்யக் கூடாது. உயரம் வேண்டும், ஆனால் உயரமாகத் தெரியக் கூடாது என்று நினைத்தார்கள். நீ அதற்குத் தலையாட்டி வண்டியின் மூக்கை அமுக்கினாய். அதற்கான விலையை டயாலிசிஸ் முடித்து வந்த அஞ்சலை கொடுத்தார்.

இதை யாரம்மா இங்கே வைத்தது என்று எத்திராஜ் கேட்டார். நான் என்ன சொல்வது? கம்பெனி ரெக்கார்டுப்படி நான்தான்!

சரி, இப்போது உனக்கு ஒரு வழி சொல்கிறேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று உன் கையெழுத்தில் எனக்கு எழுது. நியாயம், முட்டி வலி, ஆயிரத்து நானூறு பேர் எதுவும் வேண்டாம். நடந்தது மட்டும். நீ என்னிடம் ஒரு தடவையாவது உண்மை பேசுகிறாயா என்று பார்க்கிறேன். அப்புறம் முடிவு செய்துகொள்கிறேன்.

ஞானகுமாரி


டூரின்
12 நவம்பர் 2025

குமாரி,

எழுதுகிறேன். உனக்கு மட்டும் என்ற நம்பிக்கையில்.

அன்று உன் வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போகும்போது மணி ஒன்றரை. கொர்வெல்லியின் ஸ்டைல் பிரிவிலிருந்து மெயில் வந்திருந்தது. முகம் லாரி மாதிரி இருக்கிறது, பானெட்டைத் தாழ்த்து, இன்றைக்கே வேண்டும் என்று. இன்டேக்கை இறக்காமல் பானெட் இறங்காது. நீ இருந்தால் ஒத்துக்கொள்ளமாட்டாய், சண்டை போடுவாய். நீ இல்லை.

உன் லாகின் முந்தின நாளிலிருந்து திறந்தே இருந்தது. இன்னொரு லைசென்ஸில் வேறு பையன் வரைந்துகொண்டிருந்தான். 'வேறு வழியில்லாமல் குமாரி லாகினில் செய்தேன்' என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அவனை எழுப்பிவிட்டு என் லாகினில் செய்திருக்கலாம். அறுபது என்பது தப்பு என்று எனக்குத் தெரியும். அம்பத்தூரில் வேலை பார்த்தவளுக்கு, மழைக்கு மூழ்கும் கொரட்டூர் சுரங்கப் பாதையைப் பார்த்தவளுக்குத் தெரியாதா? தெரிந்ததால்தான் என் பெயர் அதில் இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். 3.40-க்கு அனுப்பும் பட்டனை அழுத்தினேன். மறுநாள் உன்னிடம் சொல்லலாம் என்று இருந்தேன். நீ மூன்று நாள் கழித்துக் கறுப்புப் புடவையில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். சொல்லாமல் உனக்கு டீ வாங்கப் போனேன்.

உன்னை பிளாக் செய்தது கணவர் பிரச்சினையால் இல்லை. உன் குரலைக் கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்ற பயம்.

இதுதான் நடந்தது. நீ கேட்டபடி எழுதிவிட்டேன். இனி என்னைக் காப்பாற்றுவதும் தள்ளிவிடுவதும் உன் கையில். தயவுசெய்து இந்தத் தாளை மட்டும் எரித்துவிடு.

ஷோபனா


பட்டாபிராம்
20 நவம்பர் 2025

ஷோபனா,

விசாரணை அம்மாளுக்கு நான் அக்டோபர் 15-ஆம் தேதியே பதில் அனுப்பிவிட்டேன். உனக்கு முதல் கடிதம் போட்ட மறுநாள் காலை.

நிதானமாக இன்னொரு தடவை படி. நீ கை கூப்புவதற்கு முன்னால், அஞ்சலையை நான் பார்ப்பதற்கு முன்னால், எல்லாம் முடிந்துவிட்டது. லாகின் பற்றி, மஞ்சள் சீட்டு பற்றி, அடக்க ஆராதனைக்கு அச்சடித்த அட்டையில் போட்டிருந்த மூன்று மணி பற்றி, சர்ச்சில் நேரத்தோடு எடுத்த படங்கள் பற்றி எல்லாம் எழுதினேன். பாஸ்வேர்டைப் பகிர்ந்தது என் குற்றம் என்றும், பொய்யாகப் பழியை ஏற்றது என் இரண்டாவது குற்றம் என்றும் எழுதினேன். இனி எந்த டிசைன் ஆபீசும் என்னைச் சேர்க்காது. தெரிந்தேதான் செய்தேன். என்னைத் தியாகி என்று நினைத்துவிடாதே. உன்னைக் கீழே இழுக்க வேறு பிடி கிடைக்கவில்லை, அதனால் என்னையும் சேர்த்துப் பிடித்து இழுத்தேன்.

அப்படியானால் ஏன் ஒரு மாதமாக உன்னோடு கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்? பாதி, நீ கெஞ்சுவதைப் படிக்கும் ஆசை. ஆமாம், ஆசைதான். பஸ்ஸில் ஆவடி தாண்டும் வரை உன் 'கை கூப்பிக் கேட்கும்' கடிதத்தை இரண்டு மூன்று தடவை படித்தேன். இனித்தது.

மீதிப் பாதி என் வீட்டுக்காரருக்காக. வேலை போன அன்று அவர் என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டார், "நெசமாவே நீதான் பண்ணியா?" என்று. உனக்குக் கொடுத்த வாக்குக்காக நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. ரோட்டில் வண்டி நின்றால் என் பக்கம் திரும்பாமல் இருப்பார். சர்ச்சில் யாராவது என் வேலையைப் பற்றி விசாரித்தால் பேச்சை மாற்றுவார். மனைவிக்கு வேலை தெரியாது என்று நம்புகிற ஒருவரோடு ஒரே வீட்டில் இருபத்தோரு மாதம் இருந்து பார். நானே வாயைத் திறந்து சொன்னால் சமாளிக்கிறாள் என்பார். உன் கையெழுத்து வேண்டியிருந்தது.

நேற்று சாப்பிட உட்கார்ந்தபோது உன் கடிதத்தை அவருக்குச் சத்தமாகப் படித்தேன். பாதியிலேயே சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். முடித்ததும் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அப்பவே என்னாண்ட சொல்லியிருக்கலாம்ல? நான் இன்னா, வெளி ஆளா?" என்றார்.

அவர் கேட்டது சரிதான் ஷோபனா. கட்டிய மனுஷனைவிட உன்னை நம்பியிருக்கிறேன். இதைத்தான் என்னால் உனக்கு மன்னிக்க முடியவில்லை. வேலை போனதைக்கூட மன்னித்துவிடுவேன் போலிருக்கிறது.

இன்று காலை உன் கடிதத்தின் அசலை விசாரணை அம்மாளுக்குக் கூரியரில் போட்டேன். முன்பே மெயிலில் தெரிவித்திருந்தேன், அங்கே தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்கிறேன் என்று எழுதியிருக்கிறாள். டிசம்பர் 4, வியாழக்கிழமை வீடியோவில் விசாரணை. நீயும் இருக்க வேண்டும் என்று உனக்கும் கடிதம் வரும். என் வீட்டுக்காரர் அன்று லீவு போட்டிருக்கிறார், என் பக்கத்தில் உட்காருவாராம். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

முன்கூட்டியே உனக்கு ஏன் தெரிவிக்கிறேன் என்று யோசிப்பாய். அந்த வியாழக்கிழமை வரை நீ தூங்கக் கூடாது, அதற்காகத்தான்.

இதற்குப் பதில் போடாதே. போட்டால் அதையும் அனுப்பிவிடுவேன்.

ஞானகுமாரி சத்தியராஜ்